கடற்செலவுக்கு முன்

எங்கள் ஊராகிய அன்னவாசல், புதுக்கோட்டைக்கு வடமேற்கே, வானத்தை நம்பி வாழும் மண்ணில் அமைந்தது. புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கடற்கரையும் உண்டு. மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் அப்பகுதியில் உள்ளவை. ஆயினும், எங்கள் ஊராருக்குப் பழக்கமான நீர்ப்பரப்பு கண்மாயும் ஊருணியுமே. இத்தகைய ஊரில் பிறந்து, இன்றும் இங்கேயே ஆசிரியப்பணி செய்துவரும் எனக்கு, ஒரு பாய்மரப் படகில் ஐந்து நாள் விருந்தினனாகத் தங்க வருமாறு அழைப்பு வந்தது. அழைத்தவர் என்னுடன் கல்லூரியில் பயின்ற நண்பர்; மலேசியாவில் குடியேறியவர். லங்காவித் தீவில் அவர் தமக்கென 40 அடி நீளமுள்ள படகு ஒன்றை வைத்திருக்கிறார். அரையாண்டு விடுமுறையில், அவரும் அவர் மனைவியாரும் மகளும் நானுமாக நால்வர், அத்தீவுக் கூட்டத்தைச் சுற்றி வரலாம் என்று எழுதியிருந்தார்.

லங்காவி என்பது கெடா மாநிலத்தைச் சேர்ந்த 99 தீவுகளின் தொகுதி. முதலாம் இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில் கடற்படை செலுத்தி வென்ற கடாரம், இந்தக் கெடாப் பகுதியே என்பது அறிஞர் கருத்து. அவன் கலங்கள் காற்றின் துணையால் சென்றன. நண்பரின் படகும் காற்றின் துணையாலேயே செல்வது. மார்கழியில் நம் நாட்டில் வீசும் வாடைக்காற்றே அக்காலத்தில் அங்கும் வீசுகிறது. நமக்கு மழை கொணர்ந்து கண்மாயை நிறைக்கும் அக்காற்று, மலைத்தொடரின் மறைவில் உள்ள லங்காவிக்கு வறண்ட, தெளிந்த நாட்களைத் தருகிறது. பாய்மரப் படகு செலுத்துவோர் விரும்பும் பருவம் அதுவே.

அழைப்பைக் கண்டதும் மகிழ்ச்சி பிறந்தது. அம்மடலின் இறுதியில் இருந்த ஒரு வரி என்னைச் சிந்திக்கவும் வைத்தது. “பெட்டி கொண்டு வர வேண்டா, சுருட்டி மடக்கக்கூடிய துணிப்பை ஒன்று போதும், எடை ஏழு கிலோவுக்கு மேற்பட வேண்டா” என்று நண்பர் எழுதியிருந்தார். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா என்னும் நீராவிக் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றவர். 1926 முதல் 1973 வரை தமிழரை அலைகடல் கடத்திய பெரிய கப்பல் அது. அவர் கொண்டு சென்ற தகரப்பெட்டி இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதைத் தூக்க இருவர் வேண்டும். அப்பெரிய கப்பலில் அதற்கு இடம் இருந்தது. சிறிய பாய்மரப் படகிலோ, பொருள்களை வைத்தபின் வெறும் பெட்டியை வைக்கவே இடம் இராது. துணிப்பையானால் உள்ளிருப்பதை எடுத்தபின் சுருட்டி ஒரு மூலையில் செருகிவிடலாம்.

விருந்தோம்புவாரின் கடமையை நம் முன்னோர் விரிவாகக் கூறினர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தாகச் செல்வோருக்கும் கடமைகள் உண்டு என்பதை நாம் அத்துணை ஆழமாக எண்ணுவதில்லை. நிலத்திலுள்ள வீட்டில் விருந்தினர் இரண்டு குடம் நீரை மிகுதியாகச் செலவிட்டால், வீட்டார் மீண்டும் கிணற்றுக்குச் செல்வர். படகிலோ கிணறு இல்லை, கடைத்தெரு இல்லை, அடுத்த அறை என்பதும் இல்லை. அங்கே விருந்தினர் மிகையாகக் கொள்ளும் ஒவ்வொன்றும் மற்றவர் பங்கிலிருந்து எடுத்ததே ஆகும். பயணத்துக்கு ஆயத்தம் செய்த நாட்களில் நான் கற்ற முதற்பாடம் இது.

நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் படகில் உள்ள தொட்டி 400 லிட்டர் நன்னீர் கொள்ளும். இடர் வேளைக்கென 100 லிட்டரை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது 300 லிட்டர். நால்வருக்கு ஐந்து நாட்கள் என்று பகுத்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க யாவற்றுக்கும் இதுவே. வீட்டில் ஒருமுறை குளிப்பதற்கே நாம் ஒரு வாளி நீரைக் கவிழ்த்துவிடுகிறோம். படகில் கடல்நீரில் மூழ்கி எழுந்து, இரண்டு செம்பு நன்னீரால் உப்பைக் கழுவிக்கொள்வதே முறை. கோடையில் ஊருணி வற்றக் கண்டு வளர்ந்த எங்கள் ஊராருக்கு இக்கணக்கு புதிதன்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, நாளொன்றுக்கு 15 லிட்டரில் வாழ்ந்து பழகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் அது இயல்பாகிவிட்டது.

அடுத்து வந்தது உடை. வெயிலைத் தாங்க முழுக்கை வைத்த மெல்லிய சட்டைகள் மூன்று, விரைவில் உலரும் கால்சட்டைகள் இரண்டு, குளிப்பதற்கான உடை ஒன்று, ஒரு மெல்லிய துண்டு, காற்றுக்கும் சாரலுக்கும் ஒரு மழைச்சட்டை ஆகியவற்றை எடுத்து வைத்தேன். தொப்பிக்கு ஒரு நாடா தைத்துக்கொண்டேன். நாடா இல்லாத தொப்பி முதல் காற்றிலேயே கடலுக்குச் சொந்தமாகிவிடும். மேல்தளத்தில் கறை படியாமலும் கால் வழுக்காமலும் இருக்க வெளிர்நிற அடிப்பாகம் கொண்ட இலேசான காலணி ஒன்றும் சேர்த்தேன். வேட்டி எனக்கு மிகவும் விருப்பமானது. எனினும், கயிறுகளும் கப்பிகளும் நிறைந்த இடத்தில் தொங்கும் துணி எதுவும் ஆபத்து. ஆதலால், நங்கூரமிட்டபின் இரவில் உடுக்க ஒரு சிறு வேட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

என் அன்னையார் ஒருபுறம் நின்று தம் பங்கைச் சேர்த்துக்கொண்டிருந்தார். முறுக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பனங்கற்கண்டு என நான்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டன. விருந்துக்குச் செல்பவன் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது அவர் கொள்கை. அது நல்ல கொள்கையே. ஆனால், படகில் அட்டைப்பெட்டியை ஏற்றமாட்டார்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் பூச்சியின் முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும். நாற்புறமும் மூடிய சிறு படகில் அவை பொரித்துப் பெருகினால் ஒழிப்பது அரிது. ஆகவே எல்லாவற்றையும் சிறிய மூடிகளையுடைய இலேசான டப்பாக்களுக்கு மாற்றினோம். கண்ணாடிப் புட்டி உடைந்தால் வெறுங்காலோடு நடப்பவர் காயமுறுவர், அதனையும் விலக்கினோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, “இது இன்றியமையாததா? இதற்கு அங்கே இடம் உண்டா? இதனால் பிறருக்கு இடர் உண்டா?” என்று மூன்று கேள்விகள் கேட்டோம். மூன்றிலும் தேறியவை மட்டுமே பைக்குள் சென்றன. தராசு ஆறரைக் கிலோவைக் காட்டியது.

பொருளினும் உடலை ஆயத்தம் செய்வது முதன்மையானது. கடலில் பலருக்கும் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. படகின் அசைவைக் காதினுள் இருக்கும் நுண்ணுறுப்பு உணர்கிறது. கண்களோ, அறைக்குள் இருக்கும்போது, எல்லாம் அசையாமல் நிற்பதாகக் காண்கின்றன. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. மேல்தளத்தில் அமர்ந்து தொடுவானத்தை நோக்கினால் அம்முரண்பாடு தணியும். மருத்துவரைக் கேட்டு மாத்திரையும் வாங்கிக்கொண்டேன். அதைக் குமட்டல் வருமுன்பே உட்கொள்ள வேண்டும் என்று அவர் கூறினார். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதற்கு நாள்தோறும் உண்ணும் மருந்தின் பெயரையும் அளவையும் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். கரையில் ஒருவர் நோய் அவருடையது. கடலில் மறைத்து வைத்த நோய் படகிலுள்ள அனைவருடைய நோயும் ஆகிவிடும்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், அன்னையார் என்னருகே அமர்ந்து, “தம்பி, நடுக்கடலில் காற்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? நீ தவறி விழுந்தால் யார் எடுப்பார்?” என்று கேட்டார். அதுவரை அவர் பருப்புப்பொடியைப் பற்றியே பேசியதற்கு உள்ளே இருந்த அச்சமே காரணம் என்பதை அப்போது உணர்ந்தேன். “அஞ்சாதே” என்று வெறும் வாயால் சொல்வது பயனற்றது. நான் சிறுவனாய்க் கண்மாயில் நீந்தப் பழகியபோது என் இடையில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டவர் அவரே. “அந்தக் குடுக்கையின் வேலையைச் செய்யும் மிதவைச் சட்டை, படகில் ஒவ்வொருவருக்கும் உண்டு, அதை அணியாமல் மேல்தளத்தில் நிற்க நண்பர் விடமாட்டார். காற்று நின்றால் ஓட்டுவதற்குச் சிறிய இயந்திரமும் உண்டு” என்று விளக்கினேன்.

பிறகு ஒரு தாளில், எந்த இரவு எந்தத் தீவின் அருகே நங்கூரமிடுவோம், படகின் பெயரும் நிறமும் யாவை, நாங்கள் குறித்த நேரத்தில் செய்தி அனுப்பாவிடில் எவரிடம் கேட்க வேண்டும் என்பவற்றை எழுதி அவரிடம் கொடுத்தேன். கடவுச்சீட்டின் படியொன்றையும் சேர்த்து வைத்தேன். கடலோடிகள் இத்தகைய குறிப்பைக் கரையிலுள்ள நம்பிக்கைக்குரியவரிடம் விட்டுச் செல்வது வழக்கம். அன்னையார் அத்தாளை இருமுறை படித்து மடித்து, தம் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அச்சம் முற்றும் அகன்றது என்று சொல்லமாட்டேன். ஆயினும், அன்றிரவு அவர் உறங்கினார்.

நாம் செல்வது ஐந்து நாள் உல்லாசப் பயணம். இந்தியக் கடற்படை அதிகாரிகளான தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் தாரிணி என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் உலகையே சுற்றி வந்தனர். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவில் புறப்பட்டு, 2025 மே 29-ஆம் நாள் திரும்பினர். ஏறத்தாழ எட்டு மாதங்கள், இருவர் மட்டுமே! ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர்களிடம் இருந்தவை, கரையிலேயே எண்ணி ஏற்றிக்கொண்டவை மட்டுமே. அவர்தம் வீரத்தை உலகம் புகழ்ந்தது. அவ்வீரத்துக்கு அடித்தளமாய் இருந்த நெடுநாள் பயிற்சியையும் பொறுமையான ஆயத்தத்தையும் நாம் மறத்தலாகாது.

இறுதியாக ஆயத்தம் செய்ய வேண்டியது மனம். படகில் தலைவர் ஒருவரே. அவர் “உட்கார்” என்றால் ஏன் என்று கேளாமல் உட்கார வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டறியலாம். நடக்கும்போது ஒரு கை படகைப் பற்றியிருக்க வேண்டும். மற்றொரு கையால் வேலை செய்ய வேண்டும். தெரியாத கயிற்றைத் தொடலாகாது; தெரிந்த வேலையை ஏவாமலே செய்ய வேண்டும். ஓர் இரவு சமையல் என் பொறுப்பு என்று முன்னரே எழுதிவிட்டேன். உணவுச் செலவில் என் பங்கையும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினேன். காற்று நாட்காட்டியைப் பார்த்து வீசுவதில்லை. ஆதலின், திரும்பும் வானூர்திக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு வாங்கினேன்.

அன்னவாசலுக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் சமணத் துறவியர் வாழ்ந்தனர். பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிய 17 படுக்கைகள் அங்கே உள்ளன. தலைவைக்கும் இடம் தலையணை போலச் சற்று உயர்ந்திருக்கும். அகலமோ ஓருடல் கிடக்கும் அளவே. நண்பர் அனுப்பிய படத்தில் எனக்கெனக் குறித்திருந்த படுக்கையும் ஏறத்தாழ அவ்வளவே. துறவியர் உலகைத் துறந்து அவ்வளவில் அமைந்தனர். விருந்தினர் உலகைத் துறக்க வேண்டுவதில்லை. ஐந்து நாட்களுக்குத் தம் மிகையைத் துறந்தால் போதும்.

குறைவாகக் கொண்டு செல்வது வறுமை அன்று. உடன் வாழ்வோருக்கு இடம் விடுவதாகும். பேருந்தின் இருக்கையிலும், பள்ளி விடுதியின் அறையிலும், ஊர்ப் பொதுக்கிணற்றின் கரையிலும் நாம் ஒருவகையில் விருந்தினரே. தமக்கு வேண்டியதை அளந்து எடுத்து, பிறருக்கு உரியதை எண்ணி விட்டு வைப்பவர் எவ்விடத்திலும் இனிய விருந்தினராவர்; அவரை மீண்டும் அழைக்க எவரும் தயங்கார்.