மூலப்பதிவு யாரிடம்?

திருகோணமலை என்றதும் துறைமுகத்தையும் கோணேசர் கோயிலையும் நினைப்போர் பலர். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவன பரமேஷ், கோணேஷ் என்ற இரு பெயர்கள். இவ்வூர்ச் சகோதரர்களான அவர்கள் தமிழில் பொப்பிசை பாடி இசைத்தட்டும் வெளியிட்டனர். ‘உனக்குத் தெரியுமா’ என்ற அவர்களது பாடலே இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ் இசைத்தட்டு என்று அப்பா பெருமையோடு சொல்வார்.

அப்பெருமையில் வளர்ந்த நாங்கள் நால்வர், துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டு விறாந்தையில் றொக் இசைக்குழு ஒன்றை அமைத்தோம். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. கொழும்புப் பயணம் இலகுவாயிற்று. மறு ஆண்டில் அங்குள்ள ஒலிப்பதிவு நிலையமொன்றில் ஆறு பாடல்களைப் பதிந்தோம். உறையில் எங்கள் சொந்த வெளியீட்டகத்தின் பெயரே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். அப்பெயருக்காக ஓரிரவு முழுதும் வாதிட்டோம். மூலப்பதிவை யார் வைத்திருப்பது என்பதைப் பற்றி ஒரு நிமிடமேனும் பேசவில்லை. அது நிலையத்தாரிடமே தங்கிற்று.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் பாடகனைக் கொண்டுசென்றது. விற்று எஞ்சிய பிரதிகளும் அவன் வீட்டோடு போயின. சில மாதங்களின் பின் அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். “தம்பி, பிள்ளையின்ர குரல் உங்களிட்ட இருக்குதோ?” என்று கேட்டார். என்னிடமிருந்த இறுவட்டோ கீறல் விழுந்தது. மூன்றாம் பாட்டின் நடுவே நின்றுவிடும். கொழும்புக்குச் சென்று தேடினேன். நிலையம் மூடப்பட்டிருந்தது.

சொந்த வெளியீட்டகம் என்பது இசைக் குழுக்களின் பழைய கனவு. பீற்றில்ஸ் குழுவினர் 1968இல் ‘அப்பிள்’ நிறுவனத்தைத் தொடங்கினர். தட்டின் நடுவே அப்பிள் படம் இருந்தது. அவர்தம் ஒலிப்பதிவுகளின் உரிமையோ ஈ.எம்.ஐ. நிறுவனத்திடம் இருந்தது. உலகப் புகழ் பெற்றோர்க்கே பெயர் வேறு, உடைமை வேறு என்றால் எம்மனோர் எம்மாத்திரம்! ஆயினும் அக்கனவு வீண் என்று சொல்லேன். இலங்கையிலேயே ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனம், மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்களின் சிங்களப் பாடல்களைத் தட்டாக்கிப் பரப்பியது. உள்நாட்டு வெளியீட்டகமொன்று எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று.

அண்மையில் இசைக்குழு நடத்தும் என் மாணவர் சிலர், தங்கள் வெளியீட்டகத்துக்கு நல்ல தமிழ்ப் பெயர் கேட்டு வந்தனர். இன்று கைத்தொலைபேசியிலிருந்தே பாட்டை உலகுக்கு அனுப்பிவிடலாம். பாதுகாத்தல் மட்டும் அன்றுபோலவே நம் பொறுப்பு. “பெயரைப் பிறகு பார்ப்போம்” என்றேன். “பதிவு முடியும் அன்றே மூலப்பதிவைக் கையேற்றுக்கொள்ளுங்கள். மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள்; ஒன்றேனும் கடலுக்குத் தொலைவில் இருக்கட்டும். எழுதியவர் யார், இசைத்தவர் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றைத் தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். வெளியீட்டகம் என்பது முதலில் அதுதான்.”

அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அத்தாயார் கேட்டதைச் சொன்னேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்பு ஒருவன் குறிப்பேட்டைத் திறந்தான்.