பழைய வண்டியும் பிறர் உரிமையும்

என்னிடம் ஒரு பழைய மொபெட் உண்டு. 2007ஆம் ஆண்டில் வாங்கிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர். காலையில் மதரஸாவுக்கும், மாலையில் கொரட்டூர், பாடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவும் அதுதான் என்னைச் சுமந்து செல்கிறது. 2022இல் பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்தபோது, அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய்க் கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி, மேலும் ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்தேன். அதற்குக் காப்பீட்டுச் சான்று வேண்டும் என்றார்கள், ஓராண்டுக்கு எடுத்தேன். அடுத்த ஆண்டு அது காலாவதியானபோது புதுப்பிக்கவில்லை.

ஏன் புதுப்பிக்கவில்லை என்று எவரேனும் கேட்டிருந்தால் என்னிடம் இரண்டு விடைகள் தயாராக இருந்தன. பழைய இரும்புக்கடைக்காரர் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் தரமாட்டார் என்னும் வண்டிக்குக் காப்பீடு எதற்கு என்பது ஒன்று. காப்பீட்டில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மையும் ‘ரிபா’ எனும் வட்டியும் கலந்திருப்பதால் அதனின்றும் ஒதுங்குவதே பேணுதல் என்பது மற்றொன்று. இரண்டாவது விடை கேட்பதற்கு அழகாக இருந்தது. அந்த அழகிலேயே நான் ஏமாந்தேன்.

2024ஆம் ஆண்டு ரமளானுக்குச் சில நாட்கள் இருந்தன. மஃரிபு தொழுதுவிட்டுக் கொரட்டூர் இரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் வந்துகொண்டிருந்தேன். நிறுத்தியிருந்த ஆட்டோ ஒன்றின் மறைவிலிருந்து ஒருவர் தெருவைக் கடந்தார். பிரேக்கை அழுத்தினேன். தேய்ந்துபோன பிரேக், வண்டியை உடனே நிறுத்தவில்லை. அவர் கீழே விழுந்து வலக்கையை ஊன்றினார். அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அவர் ஒரு கொத்தனார். வலக்கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு என்றால், ஆறு வாரம் அடுப்பு எரிவது எப்படி?

செய்தி கேட்டு ஓடிவந்த அவருடைய மனைவி என்னைத் திட்டவில்லை. “பாய், உங்க வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் என் நெஞ்சில் இன்றும் இருக்கிறது.

அந்த மனிதர் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நண்பர் ஒருவரிடம் அழகிய கடன் பெற்று, ஆறு வாரக் கூலியை மூன்று தவணைகளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எலும்பு முறிவோடு போயிற்று என்பதால் என்னால் கொடுக்க முடிந்தது. உயிரே போயிருந்தால்? வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் என்னால் தீர்க்க முடியாத கடனை அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டிருப்பேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் ஃபிக்ஹுப் பாடம் நினைவுக்கு வந்தது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் கொல்லப்பட்டவரின் குடும்பத்தாருக்கு ‘தியத்’ எனும் இழப்பீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது சூரத்துன்னிஸாவின் 92ஆம் வசனத்தில் உள்ள சட்டம். அந்தப் பெருந்தொகையைத் தனிமனிதர் ஒருவரால் தாங்க இயலாது என்பதால், அவருடைய ‘ஆகிலா’, அதாவது அவரைச் சார்ந்த கூட்டத்தார், பகிர்ந்து செலுத்துவர். மூன்று ஆண்டுத் தவணையும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஏற்படுத்திய உடன்படிக்கையில் ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமப்பது உறுதி செய்யப்பட்டிருந்தது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் படைப் பதிவேடான ‘தீவான்’ முறையை ஏற்படுத்தியபோது, அதில் ஒன்றாகப் பதிவு பெற்றவர்களையே ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கினார்கள் என்று ஹனஃபீ நூல்கள் எடுத்துரைக்கின்றன. குலம் என்ற வட்டம் பதிவேடு என்ற வட்டமாக மாறியது. பாதிக்கப்பட்டவரின் உரிமை மட்டும் மாறவில்லை.

இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நான், என் ஆகிலா யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. கொரட்டூரில் எனக்குக் குலமும் இல்லை. படைப் பதிவேடும் இல்லை.

வணிகக் காப்பீட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களுக்குள்ள ஐயம் உண்மையானது. அதை நான் இலேசாகக் கருதவில்லை. 1836இல் மறைந்த திமிஷ்கின் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), கப்பல் சரக்குக்கு வணிகர்கள் எடுத்த ‘ஸூகரா’ எனும் காப்பீட்டை ஆராய்ந்து அது ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹுப் பேரவையும் வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவு முறைக் காப்பீட்டை ஏற்றது. ஆனால் அரசு சட்டப்படி கட்டாயமாக்கியதை நிர்ப்பந்தம் கருதி எடுத்துக்கொள்ளலாம் என்று நம் காலத்து முஃப்திகள் பலர் வழி காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. இப்னு ஆபிதீன் ஆராய்ந்தது தன் சரக்கைக் காத்துக்கொள்ளும் காப்பீடு. சாலையில் நம்மிடம் கேட்கப்படுவதோ நம்மால் துன்புறும் மற்றவரைக் காக்கும் காப்பீடு. ஒப்பந்தத்தின் வடிவம் வேறாயினும், அதன் நோக்கம் ஆகிலாவின் நோக்கத்துக்கு அருகில் நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் அவ்வாறே பிரித்துப் பார்க்கிறது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, காப்பீடின்றி வண்டி ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு நம் விருப்பத்தைப் பொறுத்தது. வண்டியின் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டு, ஐந்தாம் ஆண்டு நிறைவதற்குள் பாதியாகிவிடும். அதன்பின் இரு தரப்பும் பேசி முடிவு செய்வதே மதிப்பு. ஆகவே பழைய வண்டிக்கு அதை விட்டுவிடுவதில் பிழையில்லை.

மூன்றாம் நபர் காப்பீட்டில் வண்டியின் வயது கணக்கில் வராது. எஞ்சினின் கொள்ளளவே கணக்கு. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 538 ரூபாய், 150 சி.சி. வரை 714 ரூபாய், 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு 2,094 ரூபாய். வரி தனி. பழைய வண்டிக்குச் சலுகை இல்லையே என்று முன்பு குறைபட்டுக்கொண்டேன். சிந்தித்தால் அது நியாயமே. வண்டி பழையதாவதால் அது மோதும் மனிதரின் எலும்பு மலிவாகிவிடுவதில்லை. தேய்ந்த பிரேக்குள்ள வண்டிக்கே அந்தக் காப்பு அதிகம் வேண்டும்.

இரண்டு செய்திகளை வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். காலாவதியான பின் எடுக்கும் காப்பீடு எடுத்த நேரத்திலிருந்துதான் செல்லும். நடந்துபோன விபத்துக்கு உதவாது. மேலும், சட்டம் கேட்கும் குறைந்த அளவுக் காப்பீட்டில் பின் இருக்கையில் கட்டணமின்றி அமர்ந்து வருபவர் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவி மக்களைப் பின்னால் ஏற்றிச் செல்வோர் அவர்களுக்கான கூடுதல் காப்பைக் கேட்டுப் பெறுவது நல்லது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பிரேக்கைப் புதிதாக மாற்றினேன். அடுத்து காப்பீடு எடுத்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் ஒட்டகம் பிறரை மிதித்துவிடாமல் கட்ட வேண்டும் என்பதை சில நூறு ரூபாய்ச் செலவுக்குத் தயங்கியபோது மறந்துபோனேன். பேணுதல் என்று நான் எண்ணியிருந்தது கஞ்சத்தனமே என்று இப்போது அறிகிறேன்.

கொத்தனாரின் கை குணமாகிவிட்டது. வழியில் கண்டால் அந்தக் கையை உயர்த்திச் சிரிக்கிறார். அல்லாஹ் தன் உரிமையை மன்னித்துவிடுவான் என்று நம்பலாம். அடியாரின் உரிமையை அந்த அடியார்தாம் மன்னிக்க வேண்டும். அவர் மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறேன்.