புருவக் கோடுகளும் ஊசி பற்றிய அச்சமும்

திருவெறும்பூர் மலைக்கோயில் படிகளில் மாலையில் அமரும் எங்கள் தெருப் பெண்மணிகளிடையே, புருவ நடுவில் விழும் கோடுகளைப் போக்கும் போடாக்ஸ் ஊசியைப் பற்றிய விசாரம் அடிக்கடி எழுகிறது. அது விஷமாமே, உடம்பெங்கும் பரவிவிடாதா என்று அவர்கள் கேட்பதை அறியாமையெனத் தள்ள என் மனம் ஒப்பவில்லை.

விஷமென்பது உண்மையே. கெட்ட உணவில் வளரும் கிருமியொன்று சுரக்கும் அந்த நஞ்சை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்த ஜெர்மானிய வைத்தியர் யுஸ்டினுஸ் கெர்னர், அளவு குறைத்தால் அது ஔஷதமாகக் கூடுமென்று ஊகித்தார். மாறுகண்ணுக்கு 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, புருவக் கோடுகளுக்கு 2002-இல்தான் அங்கீகாரம் பெற்றது. நரம்பின் கட்டளை தசையை எட்டாதபடி அது செய்யும் தடை மூன்று நான்கு மாதங்களில் தானே நீங்க, முகம் பழைய நிலையை அடையுமேயன்றி முன்னிலும் மோசமாவதில்லை.

ஊசி பட்ட இடம் கன்றுவதும் தலைவலியும் சில தினங்களில் தணியும். மருந்து சற்று விலகிப் பரவினால் கண்ணிமை தாழ்ந்து, சில வாரங்கள் அவ்வண்ணமே இருந்து சீராகும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால், அபூர்வமேயாயினும், கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். கர்ப்பிணிகளும் தசைச் சோர்வு நோயுடையோரும் இதை விலக்குவதே உசிதம்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு போட்டுக்கொள்ளலாமா என்று ஓர் அத்தை கேட்டார். பூரண பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும் என்றேன். அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்களாம் என்ற பேச்சுத்தான் என்னைக் கலங்கச் செய்தது. தேர்ந்த தோல் மருத்துவரிடமே செல்லுங்கள். மருந்தின் பெயரையும் செலுத்திய அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.