கதவு திறந்திருக்கிறது, போனில் மூடியிருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, எதிரே இருந்த கடைகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. நோர்வேயில் ஞாயிறன்று கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். அதில் ஒரு விலக்கு உண்டு. 100 சதுர மீட்டருக்கு மிகாத மளிகைக் கடைகள் திறக்கலாம். பெரிய கடைகள் மூடியிருக்கும் இந்த நாள்தான் சின்னக் கடைக்காரருக்குச் சாதகமான நாள். அந்த நாளில் அவர்கள் இணையத்தில் எப்படித் தெரிகிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

சிறு வணிகர்களுக்கு இணைய விளம்பரம் பற்றி ஆளாளுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். நான் செய்ய நினைத்தது எளிய வேலை. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தையும் கூகுள் வரைபடத்தில் தெரியும் நேரத்தையும் ஒப்பிடுவது. பிறகு போன் எண், முகவரி, இணையதளம்.

கிழக்குப் பக்கமாக நடந்து ஆக்கர்செல்வா ஆற்றைத் தாண்டினால் பத்து நிமிடத்தில் குரொன்லாண்ட். பாகிஸ்தானியர், சோமாலியர், துருக்கியர், தமிழர் என்று பல நாட்டவர் கடை வைத்திருக்கும் பகுதி. நடைபாதையிலேயே காய்கறிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஈரக் கொத்தமல்லி வாசனை. மூன்று கட்டு 25 குரோனர் என்று அட்டையில் கையால் எழுதியிருந்தது. அப்போது ஒரு குரோனர் நம் கணக்கில் எட்டு ரூபாய்க்குச் சற்று மேல்.

முதல் கடையின் கதவில் "ஞாயிறு 11 முதல் 19 வரை" என்று தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஆள் இருந்தார், விளக்கும் எரிந்தது. போனிலோ சிவப்பு எழுத்தில் "மூடப்பட்டுள்ளது". நான் நின்றிருந்தபோதே இரண்டு இளம்பெண்கள் எதிர்ப்பக்கம் நின்று போனைப் பார்த்தார்கள். கடையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்துவிட்டார்கள். எந்தக் கடையைத் தேடினார்களோ தெரியாது. ஆனால் போன் சொன்னதை நம்பிப் போனவர்கள் அவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த தெருவில் ஒரு கடையின் வரைபடக் குறி கட்டடத்தின் பின்பக்கம், சரக்கு இறக்கும் கதவருகே கொண்டுபோய் விட்டது. இன்னொரு கடையின் எண்ணை அழைத்தேன், பயன்பாட்டில் இல்லை என்ற குரல் வந்தது. அதன் இணையதளத்தில் "புதிய தளம் விரைவில்" என்ற ஒற்றை வரி, அடியில் ஒன்பது இலக்க நிறுவன எண். நோர்வேயில் வணிகப் பதிவேட்டில் உள்ள நிறுவனம் தன் எண்ணைக் கடிதத்திலும் இணையதளத்திலும் போட்டாக வேண்டும். அந்த எண்ணை வைத்து வடக்கே புரொன்னொய்சுண்டில் உள்ள அரசுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். நானும் தேடினேன். தொழில் தொடங்கி இருபது வருடம் தாண்டியிருந்தது. இவ்வளவு காலம் நிலைத்த கடைக்கு இணையத்தில் கிடைத்த இடம் அந்த ஒற்றை வரிதான்.

தொயென் பக்கம் ஏறும் தெருவில் ஒரு தமிழர் உணவகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவில் கடை போட்டவர். எண்பதுகளில் வந்த தமிழர் பலரின் பாதையும் அதுதான். பால் தேநீர் 35 குரோனர். விஷயத்தைச் சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார்.

"ரெண்டு வருசமாக் கட்டுறன் தம்பி, மாசம் நாலாயிரத்து ஐந்நூறு. கூகுளில முதல் பக்கத்துக்குக் கொண்டு வருவினமாம்."

விளம்பர நிறுவனம் அனுப்பிய மாத அறிக்கைகள். வண்ண வரைபடம், எத்தனை ஆயிரம் முறை பெயர் திரையில் தோன்றியது என்ற கணக்கு. எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வந்து சாப்பிட்டார்கள் என்ற கணக்கைப் பக்கம் பக்கமாகத் தேடினேன், இல்லை. அறிக்கையை மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவருடைய போனைக் கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் எட்டு அழைப்பு. அதில் ஐந்து பேர் கேட்டது ஒரே கேள்வி.

"திறந்திருக்கோ எண்டுதான் முக்கால்வாசிப் பேரும் கேக்கினம்" என்றார் அவரே.

காரணம் போனில் தெரிந்தது. அவருடைய கூகுள் பக்கத்தில் ஞாயிறு என்ற வரியே காலியாக இருந்தது. அதைத் திருத்தப் பணம் தேவையில்லை, அந்தப் பக்கம் இலவசம். "ஏன் அண்ணா திருத்தவில்லை?" என்று கேட்டேன்.

"மருமகன்தான் செய்து தந்தவன். அவன் இப்ப பேர்கனில வேலை. பாஸ்வேர்டு அவனிட்ட."

அவருடைய இணையதளத்தின் முகவரியையும் பதிவேட்டில் பார்த்தேன். நோர்வேயின் இணைய முகவரிகளை டிரொன்ட்ஹைமில் உள்ள நோரிட் என்ற நிறுவனம் பதிவு செய்கிறது. நிறுவன எண்ணை வைத்துப் பதிவு செய்திருந்ததால், முகவரி சட்டப்படி கடையின் பெயரில்தான் இருந்தது. உரிமை கடைக்காரருக்கு, நுழையும் வழி மட்டும் வேறொருவரின் மின்னஞ்சலில். மருமகனை அழைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவர் மாமாவின் கணக்கையும் கூகுள் பக்கத்தின் உரிமையாளராகச் சேர்த்துவிட்டார். ஞாயிறு நேரத்தைப் பெரியவர் தன் விரலாலேயே தட்டினார்.

தொயெனில் ஐந்தாம் எண் சுரங்க ரயில் ஏறி ஸ்டொவ்னர் போனேன். ஏறக்குறைய இருபது நிமிடம். வழியில் அந்த உணவகத்தின் தளத்தை நிதானமாகப் பார்த்தேன். விலைப்பட்டியல் முழுவதும் ஒரே ஒரு புகைப்படம். விரலால் பெரிதாக்கி, இடதும் வலதும் இழுத்துப் படிக்க வேண்டியிருந்தது. நோர்வீஜிய மொழியில் ஒரு வரிகூட இல்லை. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அந்தப் படத்தில் எதுவும் அகப்படாது. தேடுபொறிக்கும் எழுத்தாக இருக்கும் பட்டியல்தான் எளிது. நோர்வேயில் இது சட்டப் பிரச்சினையும்கூட. பொதுமக்களுக்கான தளங்கள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக் கூடியவையாக இருக்க வேண்டும் என்ற விதி தனியாருக்கும் பொருந்தும். பழைய தளங்களுக்கும் 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

இதே நாட்டுக்காரரான ஹோகன் வியூம் லீதான் 1994-ல், இணையப் பக்கத்தின் எழுத்தையும் தோற்றத்தையும் தனித்தனியே வைக்கும் சிஎஸ்எஸ் முறையை முன்மொழிந்தார். இன்று ஒரே பக்கம் பெரிய திரைக்கும் கைபேசிக்கும் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால் அந்த முறை இல்லாமல் முடியாது. பிறகு அவர் வேலை செய்த ஒஸ்லோவின் ஓபரா நிறுவனம், சின்ன போனிலும் பக்கம் திறக்கும் ஓபரா மினியை 2005-ல் கொண்டுவந்தது. நம் ஊரில் எத்தனையோ பேர் முதலில் இணையம் பார்த்தது அதில்தான். பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் இந்த வசதி எல்லாம் தானாகக் கிடைக்கும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஸ்டொவ்னர் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. இரண்டு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. தோசைக்கல்லில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. கோழிக் கொத்து 159 குரோனர். கல்லா அருகே சுவரில் விப்ஸ் எண். டிஎன்பி வங்கி 2015-ல் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணமாற்றம், நம் ஊர் ஜிபே மாதிரி, எல்லாரிடமும் இருக்கிறது. கடைக்கு இணையதளமே இல்லை. கல்லாவில் ஒரு கோடு போட்ட நோட்டு மட்டும் இருந்தது. பெயர், போன் எண், கையெழுத்து என்று மூன்று பத்தி.

"இது என்ன அக்கா?"

"மெசேஜ் வேணும் எண்டவை எழுதிப்போட்டுப் போறவை தம்பி. கேக்காமப் போட்டால் சனம் கோவிக்கும்."

சட்டம் கேட்பதும் அதைத்தான். 2009-ஆம் ஆண்டின் சந்தைப்படுத்தல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சில விலக்குகள் தவிர, முன் சம்மதம் இல்லாமல் நுகர்வோருக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ விளம்பரமாக அனுப்பக் கூடாது என்கிறது. அந்த நோட்டுதான் அவருடைய சம்மதப் பதிவு.

இரண்டு மணிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினார். கணவாய்க் கறியும் இடியப்பமும் தயார், விலை இவ்வளவு, ஆறு மணி வரை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டரைக்குள் கடை வாசலில் பிள்ளைகளோடு ஒரு குடும்பம், வேலை உடுப்போடு இரண்டு பேருந்து ஓட்டுநர்கள், கையில் பாத்திரம் கொண்டுவந்த ஒரு முதியவர். ஐந்து மணிக்கு முன்பே கணவாய் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததையும் அவர் உடனே செய்தியாகப் போட்டார். யாரும் வீணாக வரக்கூடாதாம்.

அவருக்கும் குறை உண்டு. நோட்டில் இல்லாத புது ஆள் எவருக்கும் இந்தக் கடை இருப்பது தெரியாது. பக்கத்துக் குடியிருப்பின் நோர்வீஜியர் போனில் தேடினால் வராது. அதனால் அங்கேயே அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், ஒரு கூகுள் பக்கம் தொடங்கினோம். கடை சரிபார்ப்பு முடிந்தபின் பக்கம் வெளியே தெரியும். நேரம், எண், விலையோடு பத்து உணவின் பெயர். நோர்வீஜிய வரிகளைப் பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதினாள். ஈஸ்டரில் வரும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி, திங்கள் விடுமுறைகளின் நேரத்தைத் தனியே போடும் இடத்தையும் அவளே கண்டுபிடித்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "அப்ப விளம்பரக்காரருக்குக் காசு குடுக்கத் தேவையில்லையோ?"

கொடுக்கலாம், கடைசியில் என்றேன். முதலில் கதவில் இருக்கும் நேரமும் போனில் இருக்கும் நேரமும் ஒன்றாக வேண்டும். கணக்கின் சாவி கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். விலை எழுத்தாக இருக்க வேண்டும், சம்மதம் கேட்டு வாங்கிய நோட்டு வளர வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு யாராவது பணம் கேட்டு வந்தால், எத்தனை பேர் திரையில் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று கேளுங்கள். அதை எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவருக்கு ஒரு குரோனரும் கொடுக்க வேண்டாம்.