ஆண் எலி, பெண் எலி, அண்ணியின் மாத்திரை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மருந்துகளை எலிக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. "டீச்சர், ஆண் எலி தனி, பெண் எலி தனி, அதிலும் மூணு டோஸ். கணக்கு எழுதியே கை வலிக்குது" என்றாள். ஏன் இவ்வளவு பாடு? அவள் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1932-லேயே ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். அமைட்டால் என்ற மயக்க மருந்து, ஆண் எலிக்குத் தேவைப்பட்டதில் பாதியே பெண் எலிக்குப் போதுமாக இருந்தது. மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன. அவற்றில் சில, ஹார்மோன் காரணமாக ஆண் எலிக்கு அதிகம். அதனால் பெண் எலியின் உடம்பில் அந்த மருந்து அதிக நேரம் தங்கும்.

டோஸ் கதை வேறு. நம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் கவுன்ட்டர் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வந்தால் உடனே நகர்வார்கள். சிப்காட் ஷிப்ட் விட்டு நூறு பேர் வந்தால்? வரிசை தேங்கிவிடும். கல்லீரலும் அப்படித்தான். வலிப்புக்குத் தரும் பெனிடாயின் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறிவிடலாம். பாராசிட்டமால் அளவு மீறினால், வழக்கமான வழிகள் நிரம்பி, கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் அதிகம் உண்டாகிறது.

மனிதர்களிடம் ஆண் பெண் வித்தியாசம் எலி அளவுக்கு இல்லை. மருந்துக்கு மருந்து மாறும். ஆனால் இல்லாமல் இல்லை. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தது. பெண்களுக்கு 10 மில்லிகிராம் வேண்டாம், 5 போதும் என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-ல். காலையில் எழுந்த பிறகும் பெண்கள் ரத்தத்தில் மருந்து மிச்சம் இருந்ததே காரணம். இருபது வருஷம் பெண்கள் இரட்டை அளவு விழுங்கியிருக்கிறார்கள்!

இதை நான் எழுதக் காரணம் என் அண்ணி. தூக்கம் வரவில்லை என்று, அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு ராத்திரி போட்டுக்கொண்டார். விடியற்காலை பாத்ரூமில் தள்ளாடி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அண்ணன் எண்பது கிலோ, அண்ணி நாற்பத்தைந்து. வயது, எடை, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும். "அவருக்கு ஒத்துக்கிச்சே, எனக்கு ஏன் ஒத்துக்காது?" என்று கேட்கிறார், பாவம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம். டாக்டரிடம் போக நேரம் இல்லை, செலவு எதற்கு என்று வீட்டுக்காரர் மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். நைட் ஷிப்ட் போகும் என் மாணவிகளும் வலி மாத்திரையைத் தோழிகளோடு பங்கு போடுவதைப் பார்த்திருக்கிறேன். சோற்றைப் பங்கு போடுங்கள், மாத்திரையை வேண்டாம். டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், "என் எடைக்கும் வயசுக்கும் இந்த அளவு சரியா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.