நேரம் தவறும் ஒலி

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்கிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். முப்பது டிராக் ஏறியிருக்கும், பாடுகிறவர் சரணத்துக்கு வந்திருப்பார். ஹெட்போனில் திடீரென்று 'படக், படக்' என்று கேட்கும். அடுத்து விடாமல் கரகரப்பு. மென்பொருளின் சிபியு மீட்டர் சிவப்பைத் தொட்டு நிற்கும். அந்த நிமிஷத்திலேயே பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "சிஸ்டம் பத்தல, புதுசு வாங்கணும்."

என்னிடம் யோசனை கேட்டு வருகிற தம்பிகளை அந்த முடிவிலிருந்துதான் நான் முதலில் தடுக்கிறேன். பறையையும் நாட்டுப்பாடலையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிற ஒருவருக்குப் புது லேப்டாப் என்பது பெரிய கடன். பெரும்பாலும் அந்தக் கடனுக்குத் தேவையே இருக்காது.

கரகரப்புக்குக் காரணம் கம்ப்யூட்டருக்கு வலு இல்லாதது என்பதைவிட, அது நேரத்துக்கு வேலையை முடிக்காதது என்பதே சரி. நொடிக்கு 48,000 சாம்பிள் என்று வைத்துக்கொள்வோம். அவை ஒவ்வொன்றாகப் போவதில்லை, பஃபர் என்ற சிறு தொகுப்பாகப் போகின்றன. பஃபரை 128 என்று வைத்தால் ஒரு தொகுப்பு ஓடி முடிய 2.7 மில்லிசெகண்ட்தான். அதற்குள் அடுத்தது தயாராகி, மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்பேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். நொடிக்கு 375 தடவை இப்படி. 374 தடவை சரியாக வந்து ஒரு தடவை தவறினாலும் காதில் உறுத்துவது அந்த ஒன்றுதான்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவர் நிலைமைதான் இது. வாளி சிறியதென்றால் அடுக்களைக்கு அடிக்கடி ஓட வேண்டும். வழியில் யாராவது நிறுத்தி இரண்டு வார்த்தை பேசினால் போதும், இலையில் சோறு காய்ந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் அப்படி வழிமறிக்கிறவர்கள் நிறைய உண்டு. வைஃபை டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர், பின்னணியில் ஓடும் அப்டேட், மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பு எல்லாம் அதில் சேர்த்தி. விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். பல லேப்டாப்களில் வைஃபையை அணைத்து, பவர் பிளானை 'ஹை பெர்பார்மன்ஸ்' என்று மாற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

"டாஸ்க் மேனேஜர்ல முப்பது சதவீதம்தானே காட்டுது, அப்புறம் ஏன் கரகரங்குது?" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்த முப்பது, எல்லாக் கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒலியை மாற்ற ஒரு டிராக்கில் வரிசையாக மாட்டிய பிளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது. அதனால் அந்த டிராக்கின் சுமை முழுவதும் ஒரே கோர் மேல் விழுகிறது. மற்றக் கோர்கள் சும்மா இருக்க, அது ஒன்று மட்டும் மூச்சுத் திணறும். ரீப்பர் போன்ற மென்பொருளில் எந்த டிராக் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகவே பார்க்கலாம். அங்கே போய்ப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

பஃபரை 1024 என்று கூட்டினால் கரகரப்பு பெரும்பாலும் நிற்கும். ஆனால் தன் குரல் தாமதமாகக் கேட்பது பாடுகிறவருக்குப் பெரிய இம்சை. 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அப்படியென்றால் தன் குரலைப் பதினான்கு மீட்டர் தள்ளி நின்று கேட்கிற மாதிரி. மிருதங்கக்காரருக்கு இதைக் கொடுத்தால் இரண்டு ஆவர்த்தனத்துக்குள் கையை எடுத்துவிடுவார். இதற்கு நல்ல வழி இன்டர்பேஸின் முகப்பிலேயே இருக்கிறது. டைரக்ட் மானிட்டர் என்ற குமிழைத் திருகினால் மைக்கில் வருவது கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்குப் போகும். பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாடுகிறவருக்கு அது தெரியாது. விண்டோஸில் இன்டர்பேஸோடு வரும் ஏசியோ டிரைவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த முறை அது. மற்ற எல்லா ஒலிகளும் கலக்கிற பொது வழியை விட்டு விலகித் தனி வழியில் போகும்.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் சித்திரை வெயிலில் நடவுப் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தோம். மைக்கில் விழும் என்று மின்விசிறியை நிறுத்தி, தெருச்சத்தத்துக்குப் பயந்து சன்னலையும் சாத்தியிருந்தோம். முதல் பாட்டு சுத்தமாக வந்தது. அரைமணி கழித்து, அதே டிராக், அதே பஃபர், கரகரக்க ஆரம்பித்தது. பாடிக்கொண்டிருந்த பெரியம்மா நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, நான் தப்பாப் பாடிட்டேனா?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மடங்காத குரல் அது. இயந்திரத்தின் குறையைத் தன் குறை என்று நினைத்துவிட்டது. மறுபடி பாடும்போது அந்த அம்மாவிடம் முதல் தடவை இருந்த துணிச்சல் இல்லை.

காரணம் சூடு. ஒரு அளவுக்கு மேல் கொதித்தால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தையிலோ மடித்த போர்வையிலோ வைத்தால் அடியில் காற்றுப் போகிற துளையும் அடைபட்டு, இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அன்று லேப்டாப்பை அடுத்த அறைக்குக் கொண்டுபோய், இரண்டு கட்டைமேல் தூக்கிவைத்து, அங்கே மின்விசிறியைச் சுழலவிட்டோம். மைக் கேபிள் மட்டும் நீளமாகக் கதவிடுக்கு வழியாக வந்தது. கரகரப்பு நின்றதோடு லேப்டாப்பின் இரைச்சலும் மைக்கை விட்டுப் போனது. நம் ஊர் வெயிலில் பதிவு செய்கிறவர்கள் பிளகின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவும் மிக்ஸிங்கும் இரண்டு வேலை. பாடும்போதே ரிவெர்ப், மாஸ்டரில் லிமிட்டர் என்று எல்லாவற்றையும் மாட்டி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் சுமைக்குக் காரணம். அலைகளை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்கிற லிமிட்டர் தாமதத்தையும் கூட்டும். ஏற்கெனவே முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடலாம். மென்பொருள் அதை வெறும் ஆடியோவாக்கிக்கொண்டு பிளகினுக்கு ஓய்வு கொடுக்கும், வேண்டும்போது அவிழ்க்கலாம். வீணை, வயலின் லைப்ரரிகள் பழைய ஹார்ட்டிஸ்க்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் போதும். புதுக் கம்ப்யூட்டரின் விலையில் சிறு பங்குதான் அது.

பாடினவர் கிளம்புவதற்கு முன்பு, கரகரத்த இடத்தின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் மைக் கெயின் அதிகம், பஃபர் மேல் குற்றமில்லை. நடுவில் செங்குத்தாக ஒரு வெட்டோ சின்ன வெற்றிடமோ தெரிந்தால் சாம்பிள் தவறியிருக்கிறது. பாடுகிறவர் எதிரில் இருக்கும்போதே அந்த அடியை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அலை முழுசாக இருந்தால் பதிவு பத்திரம். தடுமாறியது பிளேபேக் மட்டுமே. மிக்ஸிங்கின்போது வருகிற கரகரப்பும் அப்படித்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது கம்ப்யூட்டருக்குக் கெடு எதுவும் இல்லை, வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கும். அந்த ஃபைலை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு, அதன்பிறகு கடைக்குப் போவது பற்றி யோசிக்கலாம்.