சைக்கிளுக்கு ஒரு வழிகாட்டிக் கருவி

சைக்கிளில் செல்கிறவனுக்கு வானத்துச் செயற்கைக் கோள்களின் தயவு எதற்கு? சென்ற சில மாதங்களாக இக்கேள்வியை என்னிடம் கேட்காதவர் இல்லை. வீட்டார் கேட்டனர், ஆய்வுக்கூடத்து நண்பர்கள் கேட்டனர், டயருக்குக் காற்றடிக்கும் கடைக்காரரும் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். மணி, பூட்டு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு ஆகியவற்றோடு ஆயுள் முழுதும் சைக்கிள் மிதித்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஆயினும் விக்ரோலியிலிருந்து கலீனா வளாகத்துக்கு நாள்தோறும் மிதித்து வரும் பழக்கம், ஞாயிறுதோறும் தானாவுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் ஆசையாக முற்றி, இப்போது 300 கிலோமீட்டர் 'ப்ரெவே' ஒன்றில் கலந்துகொள்வது என்ற எண்ணத்தில் வந்து நிற்கிறது. ஆகவே நான்கு மாதங்கள் பல கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். இப்போது மன்றத்து நண்பர்கள் சிலரும் வாங்க விரும்பி என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் மலரில் எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

கருவி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கைப்பிடியின் நடுவே பொருத்தவேண்டும். அது செய்யும் வேலையோ பெரியது. 1957-ல் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிலர் அதன் ஒலிக்குறியைக் கேட்டு, அதன் அலைநீள மாறுபாட்டிலிருந்தே கோள் எங்கே போகிறது என்று கணக்கிட்டார்கள். கோள் இருக்கும் இடம் தெரிந்தால், அதைக் கேட்கிறவன் இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கலாமே என்று அடுத்த யோசனை பிறந்தது. அந்த யோசனையின் வழி வந்ததே இன்றைய ஜி.பி.எஸ். அதன் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்; இப்போது மணி இன்னது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்செய்தி நம்மை வந்து சேர ஒரு விநாடியில் ஏறத்தாழ 15-ல் ஒரு பங்கு பிடிக்கும். எத்தனை தாமதமோ அத்தனை தொலைவு. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் நம் இடமும் உயரமும் நேரமும் கணக்குக்கு அகப்பட்டுவிடும்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பௌதிகம் படிக்கிறவன் அல்லவா? கடிகாரத்தில் மைக்ரோ விநாடி ஒன்று தவறினால் இடத்தில் 300 மீட்டர் தவறிவிடும். கோளில் உள்ள கடிகாரமோ, ஐன்ஸ்டைனின் தத்துவப்படி, நம் பூமிக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். அதாவது, சார்பியல் தத்துவம் இல்லையேல் என் கருவி என்னை விக்ரோலியில் விடுவதற்குப் பதிலாக மாட்டுங்காவில் விட்டுவிடும்! வகுப்பில் தூங்க வைத்த சமன்பாடு கைப்பிடியில் வந்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போது ஒருவித மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கிறது.

கைபேசி போதாதா என்பது அடுத்த கேள்வி. ஊருக்குள் ஐந்தாறு மைல் போகிறவருக்குப் போதும். வேறு கருவி வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்வேன். நெடுந்தூரம் போகிறவருக்குத்தான் தொல்லை. மே மாத வெயிலில் கைபேசியின் திரை கொதித்து மங்கிவிடும். ஆடி மழையில் திரைமேல் விழும் ஒவ்வொரு துளியையும் அது விரல் என்று எண்ணிக்கொண்டு, படத்தைக் கண்டபடி இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழியைக் காட்டிக் காட்டியே மின்கலம் தீர்ந்துபோய், நடுவழியில் டயர் வெடித்த வேளையில் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் வகையற்றுப் போகும். சைக்கிள் கருவியின் திரை வேறு வகை. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு தெளிவாகத் தெரியும். மின்சாரமும் குறைவாகவே செலவாகும்.

கடைக்குச் சென்றால் மூன்று வகைகளைக் காண்போம். வேகத்தையும் தூரத்தையும் மட்டும் காட்டுவது முதல் வகை. வெறும் திரையில் ஒரு கோட்டை வரைந்து, அதன்மேல் நம்மைப் புள்ளியாக ஊர வைப்பது இரண்டாவது. கோட்டைவிட்டு விலகினால் 'கீச்' என்று கத்தும், எப்படித் திரும்புவது என்று சொல்லாது. தெருப்படத்தையே உள்ளே வைத்துக்கொண்டு, வழி தவறினால் புதுவழி கணக்கிட்டுச் சொல்வது மூன்றாவது வகை. விலை ஐந்தாறாயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டிப் போகிறது. இரண்டாம் வகையே மாணவர்க்குப் போதும் என்பர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கணபதி ஊர்வலம் ஒரு தெருவை மூடும். மறுவாரம் குழாய் போட இன்னொரு தெருவைத் தோண்டுவார்கள். கோட்டை மட்டும் நம்பி இந்நகரில் செல்ல முடியுமா?

பின், மின்கலம். ப்ரெவே என்பது பந்தயமன்று. பிறர் உதவியின்றிக் குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்கும் சவாரி. பிரான்சு நாட்டில் தோன்றியது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி நேரம். நான் கடைசி நேரத்தில் வந்து சேரும் ஜாதி. ஆகவே 20 மணி நேரமும் கருவி விழித்திருக்க வேண்டும். வாஹூ நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு 'போல்ட்' கருவிக்கு 15 மணி என்று போட்டிருக்கிறார்கள். கார்மினின் 'எட்ஜ் 540'-க்கு 26 மணி. பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கு எதுவாயினும், இரவில் திரை விளக்கெரியும்போது அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது. விலைச் சீட்டைப் பார்த்தபின் அவ்விரண்டையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் எவ்வளவு தாங்கும்?

தொடுதிரையா, பொத்தானா? மும்பைவாசிக்கு இதில் ஐயமே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த விரல்தான் நம் விரல், பொத்தானே உகந்தது. உயரத்தைக் காற்றழுத்தம் கொண்டு அளக்கும் கருவிகளும் உள்ளன. ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும் என்பது கணக்கு. நல்ல முறைதான், ஆனால் புயற்சின்னம் உருவாகும் நாளில் நாம் நின்ற இடத்திலேயே நிற்க, கருவி மட்டும் மலையேறிக்கொண்டிருக்கும். அதை நம்பி, "இன்று இவ்வளவு ஏறினேன்" என்று பெருமையடித்துக்கொள்ளும் நண்பர்களை எனக்குத் தெரியும்.

நம் தெருக்களில் வானம் எவ்வளவு தெரிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். எல்.பி.எஸ். சாலையின் நடுவே 4-ஆம் மெட்ரோத் தடத்துக்காக எழுந்த தூண்கள். இருபுறமும் உயர்ந்த மாளிகைகள். கோளின் அலை நேரே வராமல் சுவரில் மோதித் தெறித்து வரும். தெறித்து வந்த அலை நீண்ட வழி வந்தது. கருவி அதை நம்பி நம்மைப் பக்கத்துக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். இதற்காகவே இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவிகள் வந்துள்ளன. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அவை மேலானவை. விலை கூடுதல், மின்கலமும் விரைவில் தீரும். தூரத்தைச் சரியாக அறிவதே நோக்கமானால் மலிவான உபாயம் ஒன்று உண்டு. சக்கரத்தில் ஒரு சிறு உணரியை மாட்டிக்கொள்ளுங்கள். 700-க்கு 28 அளவுள்ள டயரின் சுற்றளவு சுமார் 2,136 மில்லிமீட்டர். 468 முறை உருண்டால் ஒரு கிலோமீட்டர். பாலத்தடியிலும் அது பொய் சொல்லாது.

நம் நாட்டின் 'நாவிக்' என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2013 ஜூலையில் முதற்கோள் ஏறிற்று. 2016 ஏப்ரலுக்குள் ஏழு கோள்கள் ஏறின. அவை இந்தியாவுக்கு மேலே உயர்ந்து நிற்பவை. ஆதலால் குறுகிய சந்துக்கும் அவற்றின் ஒளி இறங்கும் என்பது கோட்பாடு. வெளிநாட்டில் வாங்கிய அணுக்கடிகாரங்கள் சில பழுதுற்றன. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில் நம்மவர் செய்த அணுக்கடிகாரமே ஏறியது. நாவிக்கைக் கேட்கும் கைபேசிகள் வந்துவிட்டன. நான் பார்த்த சைக்கிள் கருவிகளின் விவரத் தாள்களிலோ அமெரிக்கா, ருஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் கோள்களைக் கண்டேனே தவிர, நாவிக்கின் பெயரைக் காணவில்லை. கொஞ்சம் வருத்தந்தான்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, கருவியின் உயிர் அதனுள்ளே இருக்கும் படத்தில்தான் இருக்கிறது. இதைச் சோதிக்க எனக்கு விக்ரோலியே துணை செய்தது. எங்கள் ஊரை ரயில் பாதை கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிளந்து வைத்திருந்தது. வண்டியில் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போக வடக்கே ஜோகேஸ்வரி இணைப்புச் சாலை வழியாகவோ, தெற்கே காட்கோபர் வழியாகவோ சுற்றவேண்டும். 2025 ஜூனில் மேம்பாலம் திறந்தார்கள். கிழக்கும் மேற்கும் கூடின. எனவே கடையிலும் நண்பரிடமும் எந்தக் கருவி கைக்கு வந்தாலும் நான் கேட்ட வினா ஒன்றே: "டாகூர் நகரிலிருந்து பார்க்சைட்டுக்கு வழி சொல்." பாலத்தின் மேல் அழைத்துச் சென்றால் படம் புதியது. ஊரைச் சுற்ற வைத்தால் பழையது. விலையுயர்ந்த கருவி ஒன்று என்னைக் காட்கோபருக்கு அனுப்பியது. விலை குறைந்த இன்னொன்று நேரே பாலத்தில் ஏற்றியது! நீங்களும் உங்கள் பேட்டையில் அண்மையில் திறந்த பாலம் ஒன்றை வைத்து இவ்வாறே கேளுங்கள். படத்தை நாமே புதுப்பித்துக்கொள்ள வழியுண்டா என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இக்கருவிகள் பலவற்றில் உள்ள படம் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொதுப் படத்திலிருந்து எடுத்தது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகெங்கும் தொண்டர்கள் வரைவது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இதை அறிந்ததும் முதல் வேலையாக எங்கள் வீடு இருக்கும் மலைச்சரிவைத் தேடினேன். பெரிய சாலை இருந்தது. அதிலிருந்து பிரியும் ஒரு தெருவும் இருந்தது. அதற்குமேல் வெறும் சாம்பல் நிறம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள், இரண்டு கோயில்கள், ஒரு ரேஷன் கடை, நான் படித்த பால்வாடி, படிக்கட்டுகள், எதுவுமே இல்லை.

இதை அற்ப விஷயம் என்று நான் கருதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் சந்தில் ஒரு பெரியவருக்கு இரவில் மூச்சு முட்டியது. வந்த ஆம்புலன்ஸ் கீழே பெரிய சாலையில் நின்றுகொண்டு, வழி எங்கே, வழி எங்கே என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்கு பேர் அவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். பிழைத்துக்கொண்டார். 2021 ஜூலை 18 அதிகாலைப் பெருமழையில் எங்கள் சூர்யா நகரிலும் செம்பூர்ப் பக்கத்திலும் சரிவும் சுவரும் இடிந்து பலர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய இரவில் உதவிக்கு ஓடி வருகிறவனுக்கு எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர். பின்னால் அலுமினியப் பாத்திரம், கைப்பிடியில் ரப்பர் ஊதுகுழல். தேவநாகரி எழுத்து ஒன்றுகூட அறியார். ஆயினும் அவர் அறியாத சந்து இல்லை. என் கருவி ஆராய்ச்சியைக் கண்டு, "தம்பி, மிஷினு ரோட்டக் காட்டும். நாய் கெடக்குற சந்தக் காட்டுமா?" என்று கேட்டார். அவர் சிரிப்பதற்காகக் கேட்டது. எனக்கோ அது ஒரு திட்டமாகப் பட்டது. அவரோடு மூன்று காலைகள் பின்தொடர்ந்து சென்றேன். கருவி பாதையைப் பதிந்துகொண்டது. மாலையில் அந்தக் கோடுகளைப் படத்தில் ஏற்றி, படிக்கட்டைப் படிக்கட்டென்றும், சைக்கிள் போகும் சந்தைச் சந்தென்றும் குறித்தேன். சில வாரங்களில் என் கருவியில் புதுப்படம் ஏற்றியபோது எங்கள் வீட்டு வாசல்வரை கோடு வந்திருந்தது.

ஆகவே நான் வாங்கியது எது என்றால், இரண்டு அலைவரிசை இல்லாதது, தொடுதிரை இல்லாதது, பொத்தான் உள்ளது, 20 மணி நேரம் என்று பெட்டியில் போட்டது, பொதுப் படத்தை நாமே மாற்றிக்கொள்ள இடம் தருவது; சீன நாட்டில் செய்த நடுத்தர விலைக் கருவி. ப்ரெவேயின்போது ஒரு பவர் பேங்கைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஒரு சிறு எச்சரிக்கை. சவாரிப் பதிவுகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் பழக்கம் பரவியிருக்கிறது. 2017-ல் ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தில், பாலைவனங்களின் நடுவே இருந்த இராணுவ முகாம்களின் உருவம் ஓடினவர்களின் தடத்தாலேயே தெரிந்துபோயிற்று. வீட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டரை மறைத்து வைக்கும் வசதி உண்டு. மாணவியர் முக்கியமாக அதை முதல் நாளே அமைத்துக்கொள்வது நலம்.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் காம்பிலும் வரையப்படாத சந்துகள் இன்னும் மிகுதி. தேர்வு முடிந்ததும் ஞாயிறு காலைகளில் அங்கே செல்லலாம் என்றிருக்கிறேன். கருவி ஒன்று போதும், என்னிடம் இருக்கிறது. சந்தின் பெயரையும் வளைவையும் குறித்துக்கொள்ள இரண்டு பேர், பெரியவர்களிடம் தமிழில் பேசி விவரம் கேட்க இரண்டு பேர் தேவை. வர விரும்புகிறவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம். அந்தச் சந்துகளில் பெரும்பாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும்.